மயான வாசலில் எறிந்த கற்கள்

2020 ஏப்ரல் 19. கொரோனாவுக்குப் பலியான நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அங்கிருந்து அண்ணா நகர் வேலங்காடு மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயும் ஒரு கூட்டம் திரண்டது. கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸின் கண்ணாடி நொறுங்கியது; கூட வந்த ஊழியர்களுக்கு ரத்தக் காயம். கணவனுக்கு ஒரு பிடி மண் போடக்கூட முடியாமல் மனைவி திரும்ப வேண்டியதாயிற்று. பிறகு சக மருத்துவர் பிரதீப் குமார் கவச உடை அணிந்து, ஆம்புலன்ஸை அதே மயானத்துக்குத் தானே ஓட்டிவந்து, மருத்துவமனை ஊழியர் இருவர் துணையோடு, போலீஸ் காவலில், மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார்.

இதற்கு ஒரு மாதத்துக்கும் குறைவான நாட்களுக்கு முன், மார்ச் 22 மாலை ஐந்து மணி. இதே நகரம் மருத்துவர்களுக்காக வாசலில் நின்று கை தட்டியது. அந்தக் கைதட்டலைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. கை தட்டியதில் ஒருவருக்கும் எந்த ஆபத்தும் இல்லை, அவ்வளவுதான். தங்கள் மயானத்துக்கு ஓர் உடல் வந்தபோதுதான் மக்கள் மனம் சோதனைக்கு உள்ளானது. வேலங்காட்டில் திரண்டவர்கள் அந்தச் சோதனையில் தோற்றார்கள்.

இந்தச் சம்பவத்துக்கு அன்று எல்லோரும் சொன்ன சமாதானம், “மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை” என்பது. இதை ஏற்க முடியாது. கொரோனா உடல்களை எப்படிக் கையாள வேண்டும் என்ற வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. முறைப்படி உறையிட்டு மூடிய உடலைப் புதைப்பதாலோ எரிப்பதாலோ அக்கம்பக்கத்தாருக்கு நோய் தொற்றாது. இருமுவதும் தும்முவதும் உயிரோடு இருப்பவர்கள். அன்றிரவு அங்கே தொற்று பரவ வழி இருந்தது என்றால், ஊரடங்கை மீறி நெருக்கியடித்து நின்ற அந்தக் கூட்டத்துக்குள்தான் இருந்தது. அறியாமையால் பயந்தவர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். கல்லைப் பொறுக்கிக்கொண்டு மயானத்துக்கு வர மாட்டார்.

அப்படியானால் அந்தக் கல் எங்கிருந்து வந்தது? 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் இறந்த தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஆற்றங்கரையில் இறக்கினார்கள். மயானத்துக்குத் தங்கள் நிலத்தின் வழியே போகக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் வேலி போட்டிருந்ததுதான் காரணம். அப்போது கொரோனா பெருந்தொற்று தொடங்கவே இல்லை. பிணம் எந்தத் தெரு வழியே போகலாம், எந்த மண்ணில் படுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. ஊருக்கு ஊர் இரண்டு சுடுகாடு வைத்திருக்கும் சமூகம் இது. கிருமி புதிது, தீட்டு பழையது. புதிய பயம் வந்ததும் கைக்குப் பழகிய ஆயுதத்தைத்தான் எடுத்தோம். வேலங்காட்டு வன்முறையைப் பெருந்தொற்றின் கணக்கில் மட்டும் எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது.

பயம் எல்லோருக்கும் இருந்தது. உடலைச் சுமந்த ஊழியருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள். பல நாள் சரியான கையுறைகூட இல்லாமல் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளர்களுக்கும், மின்மயானங்களில் இரவு பகலாக நின்றவர்களுக்கும் பயம் இல்லாமல் இல்லை. உறவினர்களே கிட்டே வரத் தயங்கிய உடல்களை, மதம் பார்க்காமல், அவரவர் முறைப்படி தமுமுக போன்ற இஸ்லாமிய அமைப்புகளின் இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். டெல்லியில் நடந்த தப்லீக் ஜமாத் மத மாநாட்டைச் சாக்கிட்டு அதே சமூகத்தின் மேல் நோய்ப் பழியைச் சுமத்திய அதே மாதங்கள் அவை. உடலைச் சுமந்தவர்களும் அடக்கம் செய்தவர்களும் படிப்பிலோ வசதியிலோ நம்மைவிட உயர்ந்தவர்கள் இல்லை. ஆகவே சாதாரண மனிதன் பயத்தில் இப்படித்தான் நடந்துகொள்வான் என்று யாரும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொல்வது இவர்களை அவமதிப்பது.

வேலங்காட்டில் நடந்ததில் அரசுக்கும் பங்கு உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்புதான் நெல்லூரிலிருந்து சிகிச்சைக்கு வந்து இறந்த ஒரு மருத்துவரின் உடலை அம்பத்தூரில் எரிக்க விடாமல் தடுத்தார்கள். எச்சரிக்கை அதிலேயே கிடைத்துவிட்டது. எந்த மயானம் என்று தீர்மானித்து, அந்தப் பகுதி மக்களிடம் முன்கூட்டியே பேசி, காவல் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. தொற்று வந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியதும், தகரம் வைத்து அடைத்ததும் நோயாளியைக் குற்றவாளியாக்கிக் காட்டின. உரிய உத்தரவு இல்லாமல் அப்படி நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது 2020 டிசம்பர் ஆகிவிட்டது.

வேலங்காட்டுக்குப் பிறகு சட்டங்கள் வேகமாக வந்தன. கண்ணியமான இறுதிச் சடங்கும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கில் சொன்னது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஏழு ஆண்டு வரை சிறை என்று மத்திய அரசும், அடக்கத்தைத் தடுத்தால் மூன்று ஆண்டு வரை சிறை என்று மாநில அரசும் அந்த ஏப்ரலிலேயே அவசரச் சட்டம் கொண்டுவந்தன. வரவேற்கிறோம். ஆனால் அந்த மருத்துவரின் மனைவி, கணவரின் உடலைத் தோண்டியெடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் மறு அடக்கம் செய்ய அனுமதி கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்த அலைச்சலுக்கு எந்தச் சட்டமும் ஈடு சொல்லவில்லை.

வேலங்காட்டில் நடந்தது குற்றம். கல்லெறிந்தவர்களோடு, மாடியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களும், “நம்ம ஏரியாவில் வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் பரப்பியவர்களும் அதில் பங்காளிகள். அடுத்த தொற்று எப்போது வரும் என்று தெரியாது. அதற்குள் ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் பேரிடர்க்கால மயானங்களை மக்கள் அறிய அறிவிக்க வேண்டும். மயானப் பணியாளர்களுக்கு நிரந்தர வேலையும் பாதுகாப்பு உடையும் தர வேண்டும். சாதிக்கொரு சுடுகாடு என்பதை ஒழிக்க வேண்டும். இவை அரசின் வேலை. உங்கள் தெரு வழியே ஓர் உடல் வரும்போது விலகி வழி விடுங்கள். யாராவது மறித்தால் அவர்களுக்கு எதிரே போய் நில்லுங்கள்.