பெயர் அறியாதார்க்கும் ஒரு வழி

கொடைக்கானல் சோலையொன்றில் பெயர் தெரியாத பூவைக் கண்டால் அகரவரிசைப் பட்டியல் நமக்கு உதவாது. 1999இல் வெளியான கே. எம். மாத்யூவின் பழனிமலைத் தாவரநூல் உதவும். இலை எதிரெதிரா, இதழ்கள் எத்தனை என வினவி, அடையாளத்திலிருந்து பெயருக்கு அழைத்துச்செல்லும் திறவுகோல்கள் அதில் உண்டு.

யூனிக்ஸ் கட்டளைகளைக் கற்கப் புகுவோர் நிலையும் இதுவே. 1971இல் தோன்றிய அதன் கையேட்டில் ஒரு பக்கத்தைத் திறக்க, 'மேன்' என்று தட்டிக் கட்டளையின் பெயரையும் தர வேண்டும். 'கிரெப்' என்னும் பெயரைக் கேட்டு, அது கோப்புக்குள் சொல் தேடும் கருவியென யார் ஊகிப்பார்?

அக்குறையைத் தீர்க்க வந்தது 'அப்ரபோ'. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் கட்டளையின் பெயரும் ஒருவரி விளக்கமும் இருக்கும். லினக்ஸில் 'மேன்டிபி' அவ்வரிகளைத் திரட்டி அட்டவணையாக்குகிறது. அப்ரபோ அதற்குள் தேடித் தருகிறது. பக்கம் எத்துணைச் செறிவாயினும் அந்த ஒரு வரி மங்கலாயின், தேடுவோர்க்கு அப்பக்கம் இல்லாததற்குச் சமம்.

கையேடு முழுவதையும் தமிழாக்கினாலன்றிப் பயனில்லை என்பாருண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. மேன்டிபி மொழிவாரியாகவும் அட்டவணை அமைக்கவல்லது. முதலில் ஒருவரி விளக்கங்களைத் தமிழாக்குவோம். விரிவுக்கு ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டுவோம். 'தேடு' என்று தட்டும் மாணவிக்குக் 'கிரெப்' கிடைத்தால் போதும், மீதியை அவளே கற்பாள்.

சொற்களைப் பொருள்வகையால் தொகுத்த திவாகரம் நம்முடையது. இப்பணி நமக்குப் புதிதன்று. தொடங்காமலிருப்பதுதான் நமக்கு அழகன்று.