ஷார்ட்ஸ்டாப்பும் ஃபர்ஸ்ட் குரூப்பும்



சான் டியேகோவில் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. போனில் பேசுகிறவர்களெல்லாம் "அங்கே பொழுது எப்படிப் போகுது சார்?" என்று கேட்கிறீர்கள். பேஸ்பால் பார்த்துப் போகிறது என்றால் சிரிக்கிறீர்கள். முப்பத்து நாலு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்து விடைத்தாள் திருத்தியவன் நான். ஒரு பிள்ளையை எப்படி மதிப்பிடுவது என்ற பாடத்தை இந்த விளையாட்டு எனக்கு மறுபடி நடத்திக்கொண்டிருக்கிறது. இன்று அதைத்தான் எழுதப் போகிறேன். பதிவு நீளம். காபியை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் பேரன். பன்னிரண்டு வயது. இந்தப் பகுதிச் சிறுவர் அணியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடிக்கொண்டிருந்தான். போன மாதம் பயிற்சியாளர் அவனை சென்டர் ஃபீல்டுக்கு மாற்றிவிட்டார். இரண்டு நாள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஊரிலிருந்து என் தம்பி போன் செய்து, "ஏண்ணா, பையனைக் கீழே இறக்கிட்டாங்களாமே" என்று துக்கம் விசாரித்தான். 'இறக்கிட்டாங்க' என்ற அந்தச் சொல்தான் என்னை உறுத்தியது.

ஷார்ட்ஸ்டாப் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவில் நிற்கும் ஆள். அடிப்பவர்களில் வலக்கைக்காரர்களே அதிகம் என்பதால் தரையோடு வரும் பந்துகளில் பெரும் பங்கு இவர் பக்கம்தான் வரும். கிரிக்கெட்டில் பாயின்டில் நின்ற ஜான்டி ரோட்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வலக்கை ஆட்டக்காரர் ஒருவர் அடித்துவிட்டு 90 அடி ஓடி முதல் பேஸைத் தொட ஏறக்குறைய 4.3 விநாடி ஆகும். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் ஓடிப் பந்தை எடுத்து, காலை ஊன்றி, நூறடிக்கு மேல் எறிந்தாக வேண்டும். கால், கை, கண், புத்தி நான்கும் வேண்டும். அதனால் எந்த ஊரிலும் இருக்கிற பிள்ளைகளில் கெட்டிக்காரனைத்தான் அங்கே நிறுத்துவார்கள். நம் ஊரில் மார்க் எடுத்த பிள்ளையை ஃபர்ஸ்ட் குரூப்பில் உட்கார வைப்போமே, அதே மாதிரி.

இந்த ஊர் அணி சான் டியேகோ பாட்ரெஸ். 1969-இல் மேஜர் லீகுக்குள் வந்தது. 1984, 1998 என்று இரண்டு தடவை வேர்ல்ட் சீரீஸ் வரை போய்த் தோற்றது. கோப்பை இன்னும் வரவில்லை. 2014-இலிருந்து ஏ.ஜே. பிரெல்லர் என்பவர் ஜெனரல் மேனேஜர். இந்த மனிதருக்கு ஷார்ட்ஸ்டாப் என்றால் கொள்ளை ஆசை. பள்ளியில் படிக்கிற பையனோ, கொரியாக்காரரோ, கோடிகளில் விலை பேசப்படுகிற நட்சத்திரமோ, ஷார்ட்ஸ்டாப் என்றால் சேர்த்துவிடுவார். ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். நானும் முதலில், ஒரு இடத்துக்கு எதற்கு ஐந்து ஆள் என்றுதான் நினைத்தேன். பட்டியலை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்த பிறகு என் கருத்து மாறிவிட்டது.

முதலில் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். 2016-இல் அனுபவம் வாய்ந்த ஒரு பந்து வீச்சாளரைக் கொடுத்துவிட்டு, சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணியிடமிருந்து இந்தப் பையனை வாங்கினார்கள். அப்போது வயது 17. தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. 2021-இல் அவருக்குப் 14 வருஷத்துக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம். அந்த சீசனில் 42 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீகில் முதலிடம். ஆனால் ஷார்ட்ஸ்டாப்பாகப் பந்து எடுப்பதில் தவறுகள் அதிகம், தோள்பட்டை அடிக்கடி விலகியது. அடுத்த வருஷம் மணிக்கட்டு முறிவு, அதன் மேல் ஊக்கமருந்து விவகாரத்தில் 80 ஆட்டத் தடை. 2023-இல் திரும்பி வந்தவரை ரைட் ஃபீல்டில் நிறுத்தினார்கள். முதல் வருஷமே கோல்ட் கிளவ் விருது. அதோடு, நேஷனல் லீகில் பந்து தடுப்பவர்கள் அத்தனை பேரிலும் சிறந்தவருக்குக் கொடுக்கும் பிளாட்டினம் கிளவ் விருதும் வந்தது. சுமாரான ஷார்ட்ஸ்டாப் ஒருவர் உயர்ந்த ரைட் ஃபீல்டர் ஆனார். இதை இறக்கம் என்று யார் சொல்வது?

அடுத்து ஜாக்சன் மெரில். 2021 டிராஃப்டில் 27-ஆவதாக எடுக்கப்பட்ட பள்ளி மாணவர். ஷார்ட்ஸ்டாப். மைனர் லீகில் படிகள் உண்டு: சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ. நம் ஒன்பது, பத்து, பிளஸ் ஒன், பிளஸ் டூ மாதிரி. மெரில் டிரிபிள் ஏ படியையே மிதிக்கவில்லை. 2024 மார்ச்சில் சியோலில் நடந்த தொடக்க ஆட்டத்தில், இருபது வயதில், பழக்கமே இல்லாத சென்டர் ஃபீல்டில் இறங்கினார். அந்த வருஷம் 24 ஹோம் ரன், ஆல் ஸ்டார் அணியில் இடம், புதுமுக விருதுப் போட்டியில் பால் ஸ்கீன்ஸுக்கு அடுத்தபடி இரண்டாவது. 2025-இல் 9 வருஷத்துக்கு 13.5 கோடி டாலர் ஒப்பந்தம். ஷார்ட்ஸ்டாப் இடம் காலியாகட்டும் என்று மைனர் லீகிலேயே வைத்திருந்தால் இதெல்லாம் எப்போது நடந்திருக்குமோ.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தவர், கிம் ஹா சங். 2021-இல் கொரியாவிலிருந்து வந்தவர். 4 வருஷத்துக்கு 2.8 கோடி டாலர். 2022-இல் டாட்டிஸ் இல்லாதபோது ஷார்ட்ஸ்டாப்பில் நின்று தூண் மாதிரி தாங்கினார். அந்த சீசன் முடிந்ததும் நிர்வாகம் என்ன செய்தது? பாஸ்டனில் பெயர் வாங்கிய ஸாண்டர் போகார்ட்ஸை 11 வருஷத்துக்கு 28 கோடி டாலர் கொடுத்துக் கூட்டி வந்தது. கணக்கு வாத்தியார் கண்ணுக்கு உடனே பட்டது: சரியாகப் பத்து மடங்கு. கிம் பேசாமல் இரண்டாவது பேஸுக்கு நகர்ந்தார். 2023-இல் பல இடங்களில் ஆடுபவருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கினார். கொரியாவில் பிறந்த ஒருவர் அந்த விருதை வாங்கியது அதுதான் முதல் தடவை. 2024-இல் நிர்வாகமே கணக்கைத் திருத்திக்கொண்டது. கிம் ஷார்ட்ஸ்டாப்புக்கு, போகார்ட்ஸ் இரண்டாவது பேஸுக்கு. கிம் வேறு அணிக்குப் போன பிறகு 2025-இல் போகார்ட்ஸ் பழைய இடத்துக்கே திரும்பினார். சம்பளத்தைப் பார்த்து இடம் கொடுத்தது தவறு, கையைப் பார்த்து இடம் கொடுத்தது சரி என்பது என் தீர்ப்பு. மூத்தவர், பெரிய சம்பளக்காரர், முகம் சுளிக்காமல் நகர்ந்தார் என்பதற்காகப் போகார்ட்ஸுக்கும் ஒரு சபாஷ்.

இனி, விற்கப்பட்ட பிள்ளைகள். சி.ஜே. ஏப்ராம்ஸ் 2019 டிராஃப்டில் ஆறாவதாக வந்தவர். 2022-இல் 21 வயதில் மேஜர் லீகுக்கு வந்தார். அதே ஆகஸ்டில் ஹுவான் சோட்டோவுக்காக வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 2024-இல் அங்கே ஆல் ஸ்டார் ஆனார். அடுத்தவர் லியோடாலிஸ் டி வ்ரிஸ். டொமினிகன் குடியரசுப் பையன், 2024 ஜனவரியில் ஒப்பந்தமானவர். 17 வயதில் இங்கிருந்து காரில் போய் வரும் தூரத்தில் இருக்கிற லேக் எல்சினோர் அணியில் ஆடினார். 2025 ஜூலை 31 அன்று, மேசன் மில்லர் என்ற அதிவேகப் பந்து வீச்சாளரும் இன்னொருவரும் வர, டி வ்ரிஸோடு வேறு சில இளம் பந்து வீச்சாளர்களும் ஏத்லெடிக்ஸ் அணிக்குப் போனார்கள்.

இந்தக் கடைசி விற்பனையில் எனக்கு உடன்பாடில்லை. மில்லர் அருமையான பந்து வீச்சாளர்தான். ஆனால் கடைசி நேரத்தில் வந்து ஓர் இன்னிங்ஸ் வீசுகிறவர் அவர். டாட்டிஸ் ரைட் ஃபீல்டில், மெரில் சென்டரில், கிம் வெளியூரில். போகார்ட்ஸின் ஒப்பந்தம் 2033 வரை. அது முடியும்போது அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அடுத்து ஷார்ட்ஸ்டாப்பில் நிற்க நிர்வாகம் கையில் வைத்திருந்த பெரிய நம்பிக்கை டி வ்ரிஸ். விதைநெல்லை விற்றுத் தீபாவளிக்குத் துணி எடுத்த மாதிரிதான் எனக்குப் படுகிறது.

இந்த வீட்டில் இது பழைய கதையும்கூட. 1978-இல் ஓஸி ஸ்மித் என்ற ஷார்ட்ஸ்டாப் இந்த அணிக்கு வந்தார். பந்து எடுப்பதில் மந்திரவாதி, மட்டையில் பலவீனம். 1982 சீசனுக்கு முன்னால், நன்றாக அடிக்கக்கூடிய கேரி டெம்பிள்டனை வாங்கிக்கொண்டு அவரை செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஸ்மித் போன முதல் வருஷமே செயின்ட் லூயிஸ் வேர்ல்ட் சீரீஸ் வென்றது. 1980-இலிருந்து தொடர்ந்து 13 கோல்ட் கிளவ் விருதுகள். 2002-இல் ஹால் ஆஃப் ஃபேம். மட்டை என்ற ஒரு பாடத்தில் குறைந்த மார்க்கைப் பார்த்தவர்கள், மற்றப் பாடத்தில் அவர் மாநில முதலிடம் என்பதைக் குறைத்து எடை போட்டுவிட்டார்கள்.

இங்கே பையன்களைத் தேடிப் போகிறவர்கள் 20-இலிருந்து 80 வரை மார்க் போடுகிறார்கள். அடிக்கும் திறமை, பலம், ஓட்டம், பந்து தடுப்பு, எறிதல் என்று ஐந்து பாடம். 50 என்றால் மேஜர் லீகின் நடுத்தரம். இதில் எனக்குப் பிடித்தது, இரண்டு மார்க் போடுகிறார்கள்: இன்றைக்கு என்ன, வளர்ந்த பிறகு என்ன ஆகலாம். வயதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். இருபத்து மூன்று வயதுக்காரர்களுக்கு நடுவில் பதினெட்டு வயதுப் பையன் தாக்குப்பிடிக்கிறான் என்றால், அவன் புள்ளிவிவரம் சுமாராக இருந்தாலும் மதிப்பு அதிகம். நான் ஒரே ஒரு மார்க் போட்டு, அடியில் சிவப்புக் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டவன்.

பாட்ரெஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான். ஷார்ட்ஸ்டாப்பை எல்லாரும் தேடுவது அந்த ஓர் இடத்துக்காக மட்டும் இல்லை. அங்கே நிற்கத் தெரிந்தவன் வேறு பல இடங்களிலும் நிற்கக் கற்றுக்கொள்வான் என்பதற்காகவும்தான். யார் முதல், யார் இரண்டாவது என்று வரிசைப்படுத்துவது பாதி வேலை. யாரை எங்கே நிறுத்தினால் அவன் முழுசாக வெளியே வருவான் என்று கண்டுபிடிப்பதுதான் மீதிப் பாதி. அந்த மீதியைச் சரியாகச் செய்தபோதெல்லாம் இந்த அணி ஜெயித்தது. அவசரத்திலும் பெயர் மோகத்திலும் செய்தபோது கை சுட்டுக்கொண்டது.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பத்தாம் வகுப்பில் கணக்கில் 98 வாங்கிய மாணவன் ஒருவன், காமர்ஸ் படிக்கிறேன் சார் என்று வந்து நின்றான். நான் அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "இவ்வளவு மார்க் வாங்கிட்டுக் காமர்ஸா?" என்று பேசி ஃபர்ஸ்ட் குரூப்பில் சேர்க்க வைத்தேன். இரண்டு வருஷம் தவித்துப் போனான். பிறகு தானாகவே பி.காம். சேர்ந்து, இன்று நல்ல ஆடிட்டர். இந்தப் பதிவையும் படிப்பான். தம்பி, அன்றைக்கு நான் உன் மார்க்கைப் பார்த்தேன், உன்னைப் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்.

பேரனிடம் மெரில் கதையைச் சொன்னேன். "தாத்தா, அவர் நிஜமாவே ஷார்ட்ஸ்டாப்பா இருந்தாரா?" என்று கேட்டான். சனிக்கிழமை சென்டர் ஃபீல்டில் நின்றான். தலைக்கு மேல் போன ஒரு பந்தைத் திரும்பி ஓடிப் பிடித்தான். இன்னொன்றை விட்டான். இரண்டையும் ராத்திரி சாப்பிடும்போது அவனே சொன்னான்.

தம்பிக்கும், பிளஸ் ஒன் அட்மிஷனுக்குப் பிள்ளையோடு அலைந்துகொண்டிருக்கிற என் பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை இறக்கிவிட்டார்கள் என்று சொல்வதற்கு முன்னால், எங்கே நிறுத்தியிருக்கிறார்கள், அங்கே அவன் எப்படி ஓடுகிறான் என்று ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் அனுபவம் வேறு மாதிரி இருந்தால் கீழே எழுதுங்கள். வாத்தியார் சொன்னது தவறு என்றாலும் எழுதலாம். இப்போது மார்க் குறைக்க என்னிடம் பேனா இல்லை.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்