செம்மரத்துக்கு ஒரு விலை, மலைவாசிக்கு ஒரு விலை

ஆந்திர நாளேடுகளில் அடிக்கடி தென்படும் சொல் ஒன்று உண்டு: ‘எர்ர தொங்கலு’. தமிழில் பெயர்த்தால் ‘சிவப்புத் திருடர்கள்’. சித்தூர், திருப்பதி மாவட்டக் காடுகளில் செம்மரம் வெட்டச் சென்று பிடிபடும் தமிழகக் கூலிகளுக்குச் சூட்டப்பட்ட பெயர் அது. நமது தமிழ் ஏடுகளும் சளைத்தவை அல்ல. ‘செம்மரக் கடத்தல் கும்பல் கைது’ என்று தலைப்பிட்டு, தரையில் குந்தவைக்கப்பட்ட மெலிந்த மனிதர்களின் படத்தை அவை அச்சிடுகின்றன. அந்த மரத்தைக் கப்பலேற்றியவன் படம் மட்டும் எந்த ஏட்டிலும் அரிதாகவே வெளிவருகிறது.

2015 ஏப்ரல் 7 அதிகாலையில் சந்திரகிரியை அடுத்த சேஷாசலம் காட்டில் இருபது தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சுட்டது ஆந்திர அரசின் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை. கற்களாலும் கோடரிகளாலும் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. இருபது பேர் மாண்ட அந்த ‘மோதலில்’ காவலர் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. வழியில் பேருந்திலிருந்தே தங்கள் தோழர்கள் பிடித்துச் செல்லப்பட்டதாக, உயிர் தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தனர். மத்தியப் புலனாய்வுத் துறை விசாரணையும், குடும்பம் ஒன்றுக்கு 5 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணமும் வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. ஆந்திர அரசோ அதை ஏற்காமல் நீதிமன்றம் சென்றது. பத்தாண்டுகள் கடந்துவிட்டன. அந்தக் கொலைகளுக்காக எந்த அதிகாரியும் தண்டிக்கப்படவில்லை.

2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டக் கல்வராயன் மலையைச் சேர்ந்தவர்கள்.

மலைமேல் என்ன இருக்கிறது?

கொல்லப்பட்டவர்களும் சிறைபட்டவர்களும் எங்கிருந்து போனார்கள்? ஜவ்வாது மலை, சித்தேரி மலை, கல்வராயன் மலை ஆகியவற்றிலிருந்தும், அவற்றின் அடிவார ஊர்களிலிருந்தும் போனார்கள். அவர்களில் மிகப் பலர் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விதைத்து, தேனும் கடுக்காயும் புளியும் சேகரித்து வாழ்பவர்கள். மழை பொய்த்தால் விளைச்சல் இல்லை. விளைந்தாலும் விலையை வைப்பவன் சந்தைக்கு வரும் வியாபாரி.

இதே ஜவ்வாது மலையின் காவலூரில் 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்குகிறது. பல ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன்களை அங்கிருந்து அரசால் காண முடிகிறது. ஆனால் அதே மலைத்தொடரில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பகுதியின் அல்லேரி மலையில், 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. உரிய நேரத்தில் மருத்துவமனை சேர வழியில்லாமல் குழந்தை இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றது. எஞ்சிய தொலைவைத் தாய் பிணத்தைச் சுமந்தபடி நடந்தே கடந்தார். கர்ப்பிணிகளை டோலி கட்டித் தூக்கும் ஊர்கள் இன்னும் இருக்கும் மலைகள் இவை. இங்கே தரகரின் வண்டி வந்து சேர்ந்துவிடுகிறது. ஆம்புலன்சுக்கு மட்டும் பாதை இல்லை.

தரகர் முன்பணம் தருகிறார். உள்ளூர்க் கூலியைப்போல் பல மடங்கு தருவதாகச் சொல்கிறார். மரம் வெட்டும் திறன் இம்மக்களிடம் இருப்பதை அவர் அறிவார். சந்தன மரக் கொள்ளை கொழித்த காலத்தில் இம்மலைகளை மொட்டையடித்த முதலாளிகள் இவர்களின் கைகளைத்தான் பயன்படுத்தினார்கள். சந்தனம் தீர்ந்தது, முதலாளி செம்மரத்துக்கு மாறினான், கூலி மட்டும் அதே கூலியாக நீடித்தான்.

பட்டா தடுக்கப்பட்ட ஆண்டுகள்

வன உரிமைச் சட்டம் 2006இல் நிறைவேறியது. இடதுசாரிகளின் அழுத்தம் இல்லாமல் அது பிறந்திருக்காது. உழுத நிலத்துக்குத் தனிநபர் உரிமை, சிறுவன மகசூலுக்குச் சமூக உரிமை என இரண்டையும் அது உறுதி செய்தது. தமிழகத்தில் நடந்தது என்ன? நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பட்டா வழங்கக் கூடாது என்ற இடைக்காலத் தடை 2008இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் பிறப்பிக்கப்பட்டது. 2016இல் உச்சநீதிமன்றம் தலையிடும்வரை அது நீடித்தது. இருபது பேர் சுடப்பட்ட 2015 ஏப்ரலில், தமிழகப் பழங்குடிக் குடும்பத்துக்கு வன நிலப் பட்டா கிடைக்கும் வழி ஏறத்தாழ அடைபட்டிருந்தது. அந்தப் பட்டா இருந்தால் கிராமப்புற வேலை உறுதித் திட்டத்தில் 100 நாளுக்கு மேல் 50 நாள் கூடுதல் வேலைக்கு உரிமை உண்டு என்பதும் அன்றைய விதி. நிலவுரிமையோடு அந்த 50 நாள் கூலியும் போயிற்று. மலையில் வேலையைத் தடுத்துவிட்டு, ‘ஏன் ஆந்திரா போனாய்?’ என்று கேட்பது எந்த நியாயத்தில் சேரும்?

‘வறுமை என்றால் திருடலாமா?’

நடுத்தர வர்க்கக் கனவான்கள் எழுப்பும் கேள்வி இது. நேர்மையாகவே எதிர்கொள்வோம். செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும் அரிய மரம். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1995 முதல் இடம்பெற்றிருப்பது. அதைக் காப்பது அவசியம். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் இரண்டு வனத்துறை அதிகாரிகள் கொல்லப்பட்டதும் கொடுமையே.

ஆனால் அந்தக் கொலைக்கு ஆந்திர அரசு நாடிய நீதி என்ன? நூற்றுக்கணக்கான தமிழகக் கூலிகளை அள்ளிச் சிறையில் அடைத்தது. ஈராண்டுகளுக்கு மேல் வழக்கை நடத்திய பின், 2016இல் 280க்கும் மேற்பட்டோரைத் திருப்பதி நீதிமன்றம் விடுவித்தது. கொன்றவர் யார் என்பது நிறுவப்படவில்லை. உண்மையான குற்றவாளி தப்பினான். எளியவன் சிறையில் இளைத்தான். கைப்பற்றிய செம்மரக் கட்டைகளை 2014இல் உலகச் சந்தையில் ஏலம் விட்ட அரசுக்கு, வெளிநாட்டில் அவற்றை வாங்குவோர் யார், துறைமுகம் வழியாக அனுப்புவோர் யார் என்பது தெரியாத செய்தி அல்ல. கோடரியைத் துரத்துவதால் காடு பிழைக்காது. ஒருவன் செத்தால் அடுத்த மலையிலிருந்து இன்னொருவனைத் தரகர் கொண்டுவருவார். சங்கிலியின் மேல் கண்ணியை உடைக்காதவரை இது முடியாது.

தமிழன்–தெலுங்கன் சண்டை அல்ல

2015இல் இங்குள்ள இனவாத அமைப்புகள் ஆந்திரப் பேருந்துகள்மீதும் கடைகள்மீதும் கல்லெறிந்தன. அக்கல் தரகர்மீது படவில்லை, ஏற்றுமதியாளர்மீதும் படவில்லை. சேஷாசலத்தின் மறுபக்கத்தில் வாழும் யானாதிகளும் சுகாலிகளும் நமது மலையாளிகளைப் போலவே நிலமின்றி, கடனில் மூழ்கி வாழ்பவர்கள். ஆந்திரத்தில் மனித உரிமைக்காகக் குரல் கொடுத்து இந்தப் படுகொலையை அம்பலப்படுத்தியவர்களில் பலர் தெலுங்கு பேசுபவர்கள். இதை மறைத்துப் பேசுவது கொலையாளிக்குச் செய்யும் உதவி.

வாச்சாத்தி நமக்கு வழிகாட்டுகிறது. 1992 ஜூன் 20இல் சித்தேரி மலையடிவாரத்தில், சந்தனக் கடத்தல் என்ற அதே முத்திரையைக் குத்தித் தமிழக அரசின் வன, காவல், வருவாய்த் துறையினர் ஊரைச் சூறையாடினர். 18 பெண்களை வன்கொடுமைக்கு உள்ளாக்கினர். அங்கே தாக்கிய கையும் தாக்கப்பட்ட உடலும் ஒரே மொழி பேசின. செங்கொடி இயக்கம் விடாது போராடியதால் 2011இல் உயிருடனிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தோர் ஆண்டுகள் பிடித்தன. ஆனாலும் வென்றோம்.

சேஷாசலம் படுகொலைக்கு மத்தியப் புலனாய்வு விசாரணை வேண்டும். ஆந்திரச் சிறைகளில் வாடும் கூலிகளுக்குத் தமிழக அரசு சட்ட உதவி அளிக்க வேண்டும். நிலுவையிலுள்ள வன உரிமை மனுக்கள் அனைத்துக்கும் கிராம சபை வழியாகப் பட்டா வழங்க வேண்டும். சாமைக்கும் புளிக்கும் தேனுக்கும் அரசே விலை நிர்ணயித்துக் கொள்முதல் செய்ய வேண்டும். சாலையும் மருத்துவரும் இல்லாத ஒரு மலைக் குடியிருப்பும் மிஞ்சக் கூடாது.

தோழர்களே, மலையடிவாரக் கிளைகளுக்கு உடனடிப் பணி ஒன்று உண்டு. எந்த ஊரிலிருந்து யார் ஆந்திரம் சென்றனர், எந்தச் சிறையில் உள்ளனர், யாருடைய வன உரிமை மனு எத்தனை ஆண்டுகளாகக் கிடக்கிறது என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். வாச்சாத்தி வழக்கும் அப்படித்தான் தொடங்கியது: ஊருக்குள் சென்று, மக்கள் சொன்னதைக் கேட்டு எழுதியதில்.