ஊசி போட டாக்டர்தான் வரவேண்டுமா?

வேதாளையிலோ பெரியபட்டினத்திலோ தொண்டியிலோ காலை நேரம் கரையில் போய் நின்று பாருங்கள். வலையிலிருந்து கெளுத்தியைக் கழற்றும்போது கையில் முள் ஏறிவிடும். திருக்கை முள் என்றால் கேட்கவே வேண்டாம். ரத்தம் சொட்டச் சொட்ட அந்தச் சகோதரர் எங்கே ஓடுகிறார்? ஆஸ்பத்திரிக்கா? இல்லை. பஜாரில் இருக்கும் மெடிக்கலுக்கு! "காக்கா, ஒரு டி.டி. போட்டு விடுங்க" என்று கையை நீட்டுகிறார். சில கடைகளில் போட்டும் விடுகிறார்கள். சட்டப்படி இது கூடாது. போடுகிறவருக்கும் தெரியும், போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியும்.

தெரிந்தும் ஏன் நடக்கிறது? ஆஸ்பத்திரிக்குப் போனால் பஸ் செலவு, சீட்டு வரிசை, அரை நாள் வேலை போச்சு. மெடிக்கல் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இரவு பத்து மணி வரை திறந்திருக்கிறது.

திரைமறைவில் நடக்கும் இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பயிற்சியும் பொறுப்பும் கொடுத்து நடத்தினால் என்ன? இதுதான் என் கேள்வி. அமெரிக்காவில் 2009-க்குள் ஐம்பது மாநிலங்களிலும் பார்மசிஸ்ட்டுகள் தடுப்பூசி போட அனுமதி வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2015 முதல் அரசுச் செலவிலேயே பார்மசிகளில் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்கள். அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் என்று ஒரு வகுப்பினர் உண்டு. மேற்படிப்புப் படித்து, தாமே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதும் நர்ஸ்கள். லண்டனில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேளுங்கள், சோப்பு வாங்கப் போன இடத்தில் ஊசியும் போட்டுக்கொண்டு வந்த கதையைச் சொல்வார்கள்.

'அது பணக்கார நாடு, இங்கே ஒத்துவருமா?' என்பீர்கள். சகோதரர்களே! தமிழ்நாட்டில் இந்தப் பரிசோதனை ஏற்கனவே நடந்துவிட்டது. தலைகீழாக நடந்தது!

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட்ட நான்கு பச்சிளங் குழந்தைகள் இறந்துபோயின. நாடே அதிர்ந்தது. அதுவரை கிராம சுகாதார நர்ஸ் ஊருக்கே வந்து, அங்கன்வாடியில் உட்கார்ந்து ஊசி போடுவார். சம்பவத்துக்குப் பின் அது நிறுத்தப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில், டாக்டர் முன்னிலையில்தான் தடுப்பூசி என்று ஆனது. அரசின் பதற்றத்தைக் குறை சொல்ல முடியாது. பெற்றவள் கையில் பிணமாகக் கிடந்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

ஆனால் விளைவு என்ன? அந்த வருடம் என் மூத்த மகளுக்கு ஒன்பது மாதம். மதரஸாவில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புதன்கிழமை விடுப்பு எடுத்து, இரண்டு பஸ் மாறி, மனைவியையும் பிள்ளையையும் கூட்டிப்போனேன். டாக்டர் மீட்டிங் போயிருக்கிறார், அடுத்த புதன் வாருங்கள் என்றார்கள். அடுத்த புதன் டாக்டர் இருந்தார், ஆனால் ஐந்து பிள்ளைகளுக்கான குப்பியை ஒரு பிள்ளைக்காக உடைக்க யோசித்தார்கள். மூன்றாவது புதன்தான் ஊசி விழுந்தது. இத்தனைக்கும் நர்ஸம்மா இரண்டு முறையும் அங்கேதான் இருந்தார். பதினைந்து வருடமாக ஊசி போட்ட கை அது. எனக்கு மாதச் சம்பளம், மூன்று தடவை போனேன். கணவன் துபாயிலும் சவூதியிலும் இருக்க, கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் நம் வீட்டுப் பெண் மூன்று முறை போவாளா? அன்றாடம் கடலுக்குப் போகிறவன் போவானா?

தேசிய குடும்ப நல ஆய்வின் கணக்கைப் பாருங்கள். 2005-06-ல் தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசியும் முழுமையாகப் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 81. பத்து வருடம் கழித்து, 2015-16-ல்? 70! சாலை பெருகியது, ஆஸ்பத்திரி பெருகியது, செல்போன் பெருகியது, தடுப்பூசி மட்டும் குறைந்தது. காரணம் இது ஒன்றுதான் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் ஊருக்கு வந்துகொண்டிருந்த ஊசியை ஊரைவிட்டு விரட்டிவிட்டு வேறு காரணம் தேடுவது நியாயமில்லை. பிறகு நர்ஸ்கள் மீண்டும் கிராமத்துக்கு வந்தார்கள். 2019-21 ஆய்வில் அந்த 70, 89 ஆக ஏறியது.

கொரோனா வந்தபோது அரசே தன் வாயால் ஒப்புக்கொண்டது. 2020 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், தடுப்பூசி போடத் தகுதியானவர் யார் யார் என்று பட்டியல் இருக்கிறது. டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், ஏ.என்.எம். இவர்களோடு பார்மசிஸ்ட்டும்! 2022 ஜூலையில் நாடு 200 கோடி டோஸைத் தாண்டியது. நம் பள்ளிவாசல் மண்டபங்களில் நடந்த முகாம்களில் சிரிஞ்சு பிடித்தது யார் கை? நர்ஸ்களின் கை. ஆபத்துக் காலத்தில் தகுதி உள்ளவருக்கு ஆபத்து நீங்கியதும் தகுதி போய்விடுமா?

துருக்கியில் கிழவிகள்தான் வீடு வீடாகப் போய் அம்மைப்பால் குத்தினார்கள். 1717-ல் அங்கே இருந்த ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மாண்டேகு அதைப் பார்த்து, தன் மகனுக்கும் செய்து, ஊருக்குக் கொண்டுபோனார். லண்டன் டாக்டர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அந்தச் சுளிப்பு இன்னும் மாறவில்லை. 2019-ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-ஆவது பிரிவில், டாக்டர் அல்லாத சமுதாய சுகாதாரப் பணியாளருக்குக் குறைந்த அளவு அதிகாரம் கொடுக்கலாம் என்று வந்தபோது, இந்திய மருத்துவச் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

டாக்டர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. தடுப்பூசி போட்டதும் சிலருக்கு மூச்சு முட்டி, நாடி விழுந்துவிடும். பத்து லட்சத்தில் ஒருவருக்கு என்கிறார்கள். அந்த ஒருவருக்கு அந்த நிமிடமே அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும். அதற்காகத்தான் அரை மணி நேரம் உட்காரச் சொல்வது. தட்டம்மை மருந்தைக் கரைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிச்சத்தைக் கொட்ட வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்து இருக்க வேண்டும். மீன் வியாபாரி சகோதரர்கள் கவனிக்கவும்: மீனுக்கு ஐஸ் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. டெட்டனஸ், மஞ்சள்காமாலைத் தடுப்பூசிகள் உறைந்துவிட்டாலோ செத்துப்போகும்! கரண்ட் போன கடையில், ஐஸ்கிரீமோடு ஐஸ்கிரீமாக ஃப்ரீசரில் கிடந்த மருந்தைக் குத்தினால் தண்ணீரைக் குத்தியதற்குச் சமம். ஆனால் இவை எல்லாம் பயிற்சியால் வருகிறவை. எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு ஒட்டிப் பிறந்தவை அல்ல. நாடு முழுக்க இந்த ஐஸ் பெட்டியைச் சுமந்து திரிவது நர்ஸம்மாக்கள்தானே?

எனவே நர்ஸ் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் சமுதாயத்துக்கு இதில் தனிப் பயனும் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா முகாம் நடந்தபோது, வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பி எத்தனை பேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள்! பிப்ரவரியில் முடியவேண்டிய முகாம் மார்ச்சுக்கு நீண்டது. நானும் ஜும்ஆவில் பேசினேன். என் பேச்சைக் கேட்டுத் திருந்தியவர்களைவிட, வாசலில் வந்து நின்று "ராத்தா, உங்க மூத்தவனுக்கும் நான்தானே ஊசி போட்டேன், செத்தா போனான்?" என்று கேட்ட நர்ஸம்மாவால் திருந்தியவர்கள்தான் அதிகம். இப்போது 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி என்று தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறது. நம் உம்மாமார்கள் யாரிடம் சந்தேகம் கேட்பார்கள்? முகம் தெரியாத டாக்டரிடமா?

பார்மசிஸ்ட் விஷயம்தான் சிக்கல். இதில் நம்மவர்களையே கொஞ்சம் கடிந்துகொள்ள வேண்டியிருக்கிறது, கோபிக்க வேண்டாம்.

1948-ஆம் ஆண்டு பார்மசி சட்டத்தின் 42-ஆவது பிரிவுப்படி, பதிவுபெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து கொடுக்க வேண்டும். நடப்பது என்ன? சர்ட்டிபிகேட் சுவரில் தொங்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். மாத வாடகை அவர் கைக்குப் போய்விடும். கல்லாவில் இருப்பது பத்தாம் வகுப்புப் படித்த தம்பி. டி.பார்ம். படித்த நம் இளைஞன் அந்த வாடகையை வாங்கிக்கொண்டு வளைகுடா விசாவுக்கு அலைகிறான். இந்த நிலையில் 'மெடிக்கலில் தடுப்பூசி' என்று கேட்டால் டாக்டர்கள் சிரிக்கமாட்டார்களா? ஊசி போடப் போவது பார்மசிஸ்ட்டா, பத்தாம் வகுப்புத் தம்பியா?

ஆகவே என் கோரிக்கை இரண்டு கட்டம். கைக்குழந்தைகளின் ஊசி நர்ஸ் கையிலேயே இருக்கட்டும், அதுவும் ஊருக்கு வரட்டும். டாக்டர் இல்லை என்று ஒரு தாயையும் திருப்பி அனுப்பக்கூடாது. பெரியவர்களுக்கான டெட்டனஸ், ஃப்ளூ, மஞ்சள்காமாலைத் தடுப்பூசிகளை, பயிற்சி முடித்த பார்மசிஸ்ட் நேரில் இருக்கும் கடைகளில் மட்டும் அனுமதிக்கட்டும். சரியான குளிர்பெட்டியும் அட்ரினலினும் உட்கார ஒரு நாற்காலியும் உள்ள கடையாக இருக்க வேண்டும். 1987 ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் பரவிய பிறகுதான் அந்த ஊசி ஹாஜிகளுக்குக் கட்டாயமானது; பயணத்துக்குப் பத்து நாள் முன்பே போட்டாக வேண்டும். முகாம் தேதியைத் தவறவிட்ட முதியவர் ஊர் ஊராக அலைவதைப் பார்த்திருக்கிறோம். அதையும் இந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டம்' என்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இரண்டில் நம் ராமநாதபுரம் ஒன்று. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறந்தாகிவிட்டது. நம் இளைஞர்கள் மனு எழுதிக் கலெக்டரைப் பார்க்கட்டும், நானும் வருகிறேன். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மெடிக்கல் வைத்திருக்கும் சகோதரர்கள் தங்கள் கடைச் சுவரைப் பார்க்கட்டும். அந்த சர்ட்டிபிகேட்டில் இருக்கும் பெயருக்கு உரியவர் இன்று கடையில் இருக்கிறாரா? இல்லையென்றால், நம் ஊரிலேயே டி.பார்ம். முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை ஜமாஅத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.