படகின் அடியில் ஓட்டை எதற்கு?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகு பெருகியது. அந்தப் படகுகள் பலவற்றுக்கும் இப்போது வயதாகிவிட்டது. இந்த வயதில் அவற்றுக்கு 'எக்கோ சவுண்டர்' மாட்ட ஆசைப்படுகிறார்கள். ஆசை தப்பில்லை. கடல்நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், எதிரொலி 0.04 விநாடியில் திரும்பினால் ஆழம் 30 மீட்டர். மீன் கூட்டமும் திரையில் தெரியும்.

ஒலி அனுப்பும் டிரான்ஸ்டியூசரை எங்கே வைப்பது? "அடியில ஒரு ஓட்டை போட்டு மாட்டிடலாம்" என்கிறார்கள். நான் இதற்கு எதிரி! துறைமுகத்தில் மிதந்தே கிடக்கும் பாய்ப்படகுக்கு அது சரி. பாலவாக்கத்துப் படகோ தினமும் மணலில் இழுபடுவது. அடியில் துருத்திக்கொண்டிருப்பது மணலில் இடிக்கும், சுற்றிலும் விரிசல் விடும். ஓட்டை போட்டால் மேல்பூச்சு போய் இழைகளின் வெட்டுமுனை வெளியே தெரியும். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுவது போல அது தண்ணீரை உள்ளே இழுக்கும். நடுவில் பலகை வைத்த படகென்றால் பலகை ஊறி மக்கும்.

ஓட்டையே வேண்டாம். அடிப்பகுதி முழுக்க ஃபைபராக இருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகும். நடுவில் பலகையோ ஃபோமோ இருந்தால் போகாது. முதலில் ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் விட்டு, படகின் உள்ளடியில் அழுத்திப் பாருங்கள். ஆழம் சரியாகக் காட்டினால் அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எபாக்சி வைத்து ஒட்டுங்கள். காற்றுக்குமிழி மட்டும் கூடாது. ஒலிக்கு அதுதான் எமன். சக்தி கொஞ்சம் குறையும். கரையோரத் தொழிலுக்கு அது போதும்.

ஓட்டை போட்டே தீருவேன் என்பவர் வெட்டுமுனைக்கு எபாக்சி பூசி, உள்ளே தாங்குபலகை வைத்து, சீலன்ட் போட்டு முடுக்கட்டும். கடலில் இறக்கியதும் கசிவு பார்க்காமல் கரையை விட்டு நகரக் கூடாது.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். "படிச்ச புள்ள நீ சொல்லு, போடலாமா வேணாமா?" என்று சித்தப்பா கேட்கிறார். நான்கு பேர் உயிர் போய் வரும் படகு அது! நம் ஒர்க்‌ஷாப்பில் லேத் உண்டு, வெல்டிங் உண்டு, ஃபைபர் மட்டும் இல்லை. மேலே எழுதியதெல்லாம் கரையில் படகு ஒட்டுகிற அண்ணனிடம் நின்று கற்றது. டிப்ளமோ வகுப்பில் இதற்கு இரண்டு பீரியடாவது ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. பொருளுக்குச் செலவில்லை. உடைந்த படகுத் துண்டுகள் எங்கள் கரையில் சும்மா கிடக்கின்றன, சைக்கிளில் நானே கொண்டு வருகிறேன்.