தேய்க்கத் தேய்க்கத் தேயும்

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய நாள் காலை. திருவனந்தபுரம் வலியசாலை அக்கிரஹாரத்தில் வாசல் தெளிக்கும் தண்ணீரோடு வண்டி கழுவும் தண்ணீரும் சேர்ந்து ஓடுகிறது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். காம்பவுண்டும் கிடையாது, கார் ஷெட்டும் கிடையாது. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்தான் வீட்டின் முகம். பழைய பனியன் ஒன்றைக் கிழித்து, பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, ஆண்டு முழுவதும் சேர்ந்த அழுக்கை ஒரே மூச்சில் தேய்த்து எடுத்துவிடுவது என்று முழங்கை வரை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் வீட்டுப் பையன். மறுநாள் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை. பக்தியில் குறையில்லை. வண்டியின் பெயிண்டுக்கு அந்த ஆண்டில் நேரும் பெரிய சேதமும் பெரும்பாலும் அன்றைக்குத்தான் நேர்கிறது.

சோழர் கல்வெட்டுகள் சொல்லும் காந்தளூர்ச் சாலை இருந்த இடம் இதுதான் என்று கருதப்படும் பழம்பெரும் பகுதி வலியசாலை. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் தெருக்கள் இங்கே உண்டு. நவராத்திரி வந்தால் ஊரே களைகட்டும். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னூற்று நங்கையும் தமிழக எல்லை தாண்டி ஊர்வலமாக வந்து சேர்வார்கள். தெய்வங்களே இத்தனை தூரம் வரும்போது வீட்டு வண்டி அழுக்காக நிற்கலாமா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் எப்படிக் கழுவுவது என்பது வேறு கேள்வி.

மோட்டார் சைக்கிளின் பளபளப்பு என்பது எவ்வளவு கனம் என்று தெரிந்தால் பலர் துணியைக் கீழே போட்டுவிடுவார்கள். இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இத்தனையும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கிளியர் கோட் மட்டும் பெரும்பாலும் 50 மைக்ரானுக்கு உட்பட்டது. அதாவது ஒரு தலைமுடியை விட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தாங்குவது, மழை நீரையும் கடற்காற்றின் உப்பையும் இரும்பு வரை போகவிடாமல் தடுப்பது எல்லாமே இந்த முடியளவுப் படலத்தின் வேலை. அது தேய்ந்தால் முதலில் நிறம் வெளுக்கும். பிறகு அடிப்பூச்சு திறந்துகொண்ட இடத்தில் துரு புகும்.

இந்தப் படலத்துக்கு அழுக்கை விடப் பெரிய எதிரி, அழுக்கின் மேல் ஓடும் துணி. தெருப் புழுதியில் இருக்கும் மணல் துகள் குவார்ட்ஸ் வகையைச் சேர்ந்தது. சாதாரண இரும்பை விடக் கடினமானது. காய்ந்த புழுதியைத் துணியால் துடைப்பதும் உப்புத் தாள் போட்டுத் தேய்ப்பதும் ஏறத்தாழ ஒன்றுதான். காலையில் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் சீட்டுக்கு அடியிலிருந்து அழுக்குத் துணியை உருவி டாங்க்கை ஒரு துடை துடைப்பவர்கள், தினமும் கொஞ்சம் பெயிண்டையும் சேர்த்தே துடைக்கிறார்கள். கறுப்பு வண்டியை வெயிலில் நிறுத்திச் சாய்வாகப் பார்த்தால் சிலந்தி வலை போல வட்ட வட்டமாகக் கீறல்கள் தெரியும். அத்தனையும் அன்போடு போட்ட கீறல்கள்.

கழுவும் முறை கடினமானதல்ல. பொறுமைதான் வேண்டும். வண்டி நிழலில் நிற்க வேண்டும், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினிலும் சைலன்ஸரிலும் குளிர்ந்த நீரைக் கொட்டுவது உலோகத்துக்கும் நல்லதல்ல, கொட்டுபவர் கைக்கும் நல்லதல்ல. சைலன்ஸர் வாயைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிடலாம். முதலில் துணியே படாமல் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு மணலை இறக்க வேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பிறகுதான் ஷாம்பு. இரண்டு பக்கெட் அவசியம். ஒன்றில் ஷாம்பு நீர், மற்றொன்றில் நல்ல நீர். ஒவ்வொரு முறையும் துணியை நல்ல நீரில் அலசிய பிறகே ஷாம்புவில் தோய்க்க வேண்டும். ஒரே பக்கெட் என்றால், எடுத்த மணலையே மறுபடி டாங்க்கில் பூசுவதாக ஆகும். வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில், அழுத்தாமல் இழுக்க வேண்டும். சக்கரமும் மட்கார்டின் உட்புறமும் கடைசி. அவற்றுக்குத் தனித் துணி.

பாத்திரம் கழுவும் சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகவே தயாராவது. பிசுக்கோடு சேர்த்து வண்டியின் மேல் உள்ள மெழுகுப் பூச்சையும் அது எடுத்துவிடும். ஆட்டோ கடைகளில் கிடைக்கும் வாகன ஷாம்பு ஒரு மூடியே ஒரு பக்கெட் நீருக்குப் போதும். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடங்களில் பீய்ச்சும் நீரின் வேகம் அழுக்கை மட்டுமல்ல, சக்கர பேரிங்கிலும் செயினிலும் உள்ள கிரீஸையும் விரட்டிவிடும். பெயிண்ட் ஏற்கெனவே பெயர்ந்த ஓரம் இருந்தால் அதை உரித்தும் எடுக்கும். தள்ளி நின்று பீய்ச்சச் சொல்ல வேண்டும்.

ஈரத்தைத் தானாகக் காயவிடக் கூடாது. சென்னையிலும் தென் மாவட்டங்களிலும் போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவுபவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. துளி காய்ந்த இடத்தில் வெள்ளை வட்டம் நின்றுவிடும். அருவிக்கரையிலிருந்து வரும் திருவனந்தபுரத்துக் குழாய் நீரில் அந்தத் தொல்லை குறைவு என்றாலும், மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுப்பதே நல்லது. மூலைகளில் தேங்கிய நீரைக் காற்றடித்து வெளியேற்றலாம். பிறகு தெருவில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை நாலைந்து முறை பிடித்து உலர்த்திவிட வேண்டும்.

கழுவி முடித்ததும் ஒரு சோதனை. மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு டாங்க்கின் மேல் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத நெருநெருப்பு தெரியும். ஒட்டிக்கொண்ட தாரும் மாசும்தான் அது. அதற்கென்றே கிளே பார் என்ற களிமண் கட்டி கிடைக்கிறது. ஷாம்பு நீரில் நனைத்து வழுக்கிவிட்டாலே போதும். இங்கேதான் பலர் ரப்பிங் காம்பவுண்டைக் கையில் எடுக்கிறார்கள். காம்பவுண்ட் என்பது அரைக்கும் பொருள். பாலிஷ் என்பதும் அதே வேலையை மென்மையாகச் செய்வது. கீறலை நிரப்புவதில்லை, கீறலைச் சுற்றியுள்ள பெயிண்டை அதே ஆழத்துக்கு இறக்கிவிடுகிறது. பளபளப்பு வருவது உண்மை. அது வங்கி முதலிலிருந்து எடுத்துச் செலவழிக்கும் பளபளப்பு.

வாக்ஸ் அப்படியல்ல. எடுப்பதில்லை, சேர்க்கிறது. நல்ல வாக்ஸ்களில் சேரும் கார்னோபா மெழுகு பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை இனத்தின் ஓலையிலிருந்து கிடைப்பது. வறண்ட பருவத்தில் ஓலை காய்ந்துவிடாமல் இருக்க மரமே பூசிக்கொள்ளும் கவசம் அது. ஏறத்தாழ 82 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. தேன்மெழுகு 62 டிகிரியைத் தாண்டியதுமே உருகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்பு டாங்க்கைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தின் அருமை புரியும்.

வாக்ஸை எவ்வளவு மெல்லியதாகப் பூசுகிறோமோ அவ்வளவு நல்லது. அப்பிப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபரால் துடைத்துவிட வேண்டும். பிரேக் டிஸ்க்கிலும், டயரிலும், சீட்டிலும் ஒரு துளிகூடப் படக் கூடாது. பளபளக்கும் டயர் அழகுதான், திருப்பத்தில் வழுக்கும்போது அந்த அழகு உதவாது. மேட் பெயிண்ட் வண்டிகளுக்கு வாக்ஸும் வேண்டாம், பாலிஷும் வேண்டாம். மங்கல்தான் அதன் அழகு, தேய்த்தால் திட்டுத் திட்டாக மின்னத் தொடங்கும். இன்று ஷோரூம்களில் பேசப்படும் செராமிக் கோட்டிங் சிலிக்கா அடிப்படையிலானது. வாக்ஸை விட நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கீறல் விழுந்த பெயிண்டின் மேல் பூசினால் கீறலையும் சேர்த்தே பாதுகாக்கும்.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. 1955-ல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, இங்கிலாந்தில் உற்பத்தி 1970-ல் நின்ற பிறகும் திருவொற்றியூரில் புல்லட்டைத் தயாரித்துக்கொண்டே இருந்தது. அதன் டாங்க்கில் ஓடும் தங்க நிறக் கோடுகள் பல பத்தாண்டுகளாகக் கைவேலை. ஸ்கேல் இல்லை, ஒட்டும் டேப் இல்லை. தூரிகையும் அசையாத கையும் மட்டும். மதராஸ் கோடுகள் என்றே அவற்றுக்குப் பெயர். பல பழைய டாங்க்குகளில் விரலை ஓட்டினால் கோட்டின் மேடு தட்டுப்படும். காம்பவுண்ட் போட்டு ஆர்வமாகத் தேய்ப்பவர் முதலில் இழப்பது அந்தக் கோட்டைத்தான். திரும்ப வரைய ஆள் கிடைக்கலாம், அதே கை கிடைக்காது.

அன்றாடம் கவனிக்க வேண்டியவை சில. காக்கை எச்சத்தில் யூரிக் அமிலம் உண்டு. வெயிலில் ஒரு பகல் கிடந்தாலே பெயிண்டில் குழி விழலாம். ஈரத் துணியை மேலே போட்டு ஊறவைத்துப் பிறகு எடுக்க வேண்டும், சுரண்டக் கூடாது. பெட்ரோல் பங்க்கில் டாங்க் வழிந்தால் உடனே துடைக்க வேண்டும். டிஸ்க் பிரேக்குக்கு ஊற்றும் எண்ணெய் பெயிண்டையே உரித்துவிடும். அது சிந்தினால் துடைக்க நேரம் பார்க்காமல் நீரை ஊற்றிக் கழுவ வேண்டும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையால் ஈர வண்டியை மூடுவது, துருவுக்குப் பாய் விரிப்பது போல.

சந்தனமும் குங்குமமும்? இடாமல் இருக்க யாரும் சொல்லப் போவதில்லை. டாங்க்கில் பூசுவதற்குப் பதில் ஹெட்லைட் கண்ணாடியிலும் நம்பர் பிளேட்டின் ஓரத்திலும் இட்டால் சாமி கோபித்துக்கொள்ளாது. குங்குமச் சாயம் வெளிர் நிறங்களிலும் ஸ்டிக்கரிலும் கறையாக நின்றுவிடும். காய்ந்த சந்தனத்தை உலர்ந்த துணியால் துடைப்பதும் புழுதியைத் துடைப்பது போலத்தான். நனைத்து, ஊறவைத்து எடுக்க வேண்டும்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தால் முன்னோர் நாள் குறித்ததில் வண்டிக்காரர்களுக்கும் ஒரு வசதி இருப்பது தெரியும். திருவனந்தபுரத்துக்கு இரண்டு மழைக்காலம். வைகாசி நடுவில் இடவப்பாதி, ஐப்பசியில் துலாவர்ஷம். ஆயுத பூஜை இரண்டுக்கும் இடையில் வருகிறது. ஒரு மழையின் சேற்றைக் கழுவி, அடுத்த மழைக்குக் கவசம் பூசச் சரியான நேரம். வைகாசி பிறந்ததும் இன்னொரு முறை பூசினால், ஆண்டில் இரண்டு பருவமழைக்கும் வண்டி தயார். வெயிலிலேயே நிற்கும் வண்டிகளுக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும்.

பூசிய வாக்ஸ் இன்னும் இருக்கிறதா என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை. ஐப்பசியின் முதல் மழையில் வாசலுக்கு வந்து பார்த்தால் போதும். டாங்க்கின் மேல் நீர் முத்து முத்தாக உருண்டு நின்றால் கவசம் இருக்கிறது. தகடாகப் படர்ந்து கிடந்தால் போய்விட்டது. மறுபடி பூச வேண்டியதுதான். தேய்க்க அல்ல.