ஃபேனை நிறுத்தாதீங்க... சூட்டைக் குறைங்க!

சிகாகோ பக்கம் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரிடமிருந்து இந்த வாரம் ஒரு கேள்வி. மிக்ஸி, ஃபிரிட்ஜ், வைஃபை என்று வழக்கமாக வரும் கேள்விகளுக்கு நடுவே இவர் கேட்டிருப்பது பின்பால் மெஷினைப் பற்றி. வீட்டு பேஸ்மென்ட்டில் ஒரு மெஷின் வாங்கிப் போட்டிருக்கிறார். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால், ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அம்மாவுக்கும் அதே பேஸ்மென்ட்டில்தான் அறை. "பசங்க விளையாடுற சத்தம்கூடப் பரவாயில்லப்பா. யாரும் ஆடாதப்பவும் உய்ய்ய்னு முனகிட்டே இருக்கே, அதான் தூங்க விடமாட்டேங்குது" என்கிறாராம் அம்மா. உள்ளே இருக்கும் ஃபேனின் ஒயரைப் பிடுங்கிவிடலாமா என்று மகன் கேட்கிறார்.

வேண்டாம் சார். ஆனால், அம்மாவைத் தூங்க வைக்க வேறு வழிகள் இருக்கின்றன.

அதற்கு முன், "பின்பாலா, அது என்ன?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நிமிடம். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சார் அந்தப் பக்கம் திரும்பியதும் திறப்போமே, 'ஸ்பேஸ் கேடட்'... அதேதான். அதன் நிஜ வடிவம், கால் வைத்த பெரிய மரப்பெட்டி. மேலே கண்ணாடி, உள்ளே சாய்வான பலகை, அதில் சுமார் 80 கிராம் எடையுள்ள எஃகு உருண்டை. கீழே விழப்போகும் உருண்டையை இரண்டு 'ஃப்ளிப்பர்'களால் தட்டித் தட்டி மேலே அனுப்ப வேண்டும். பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் ஸ்கோர் ஓடும். மொத்தமாக 100 கிலோவுக்கு மேல் இருக்கும். இதைச் சூதாட்டம் என்று சொல்லி நியூயார்க் நகரம் 1942-ல் தடை செய்தது; தடை நீங்கியது 1976-ல்தான். ரோஜர் ஷார்ப் என்பவர் நகரசபை ஆட்கள் முன்னால் மெஷினில் ஆடிக் காட்டி, இது அதிர்ஷ்டமல்ல, கைத்திறன் என்று நிரூபித்த கதை தனியாக ஒரு கட்டுரைக்குத் தேறும். இந்த மெஷின்களைத் தயாரிப்பதில் தலைநகரமே சிகாகோதான். நம் வாசகர் சரியான ஊரில்தான் மாட்டியிருக்கிறார்!

இப்போது ஃபேனுக்கு வருவோம்.

அந்த ஸ்பேஸ் கேடட் விளையாட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் எஞ்சினியர் ரேமண்ட் சென் பின்னாளில் எழுதிய விஷயம் இது. அந்த விளையாட்டு, கம்ப்யூட்டரால் எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாகத் திரையில் படத்தை வரைந்து தள்ளிக்கொண்டே இருக்குமாம். மெதுவான பழைய கம்ப்யூட்டர்களில் அது தெரியவில்லை. வேகமான பிராசஸர்கள் வந்த பிறகு, கண்ணுக்கே தெரியாத ஆயிரக்கணக்கான படங்களை வெட்டியாக வரைந்து பிராசஸரைப் பிழிந்தது. அவர் செய்தது சின்ன திருத்தம்தான்: நொடிக்கு 100 படத்துக்கு மேல் வேண்டாம். பிராசஸரின் சுமை மளமளவென்று இறங்கிவிட்டது. சுமை இறங்கினால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் ஃபேன் கத்த வேண்டிய அவசியமே இல்லை.

நிஜ மெஷினிலும் இதே வரிசையில்தான் போக வேண்டும். ஃபேனில் கை வைப்பதற்கு முன், எது சூடாகிறது என்று பாருங்கள். ஃப்ளிப்பரை இழுக்கும் காயில்கள் சூடாகும். ஆனால், அவை ஆடும்போது மட்டும்தான். ஆடாதபோதும் சூடு தருபவை பவர் சப்ளை, கம்ப்யூட்டர் போர்டு, ஆம்ப்ளிஃபயர், விளக்குகள். பழைய மெஷின் என்றால் விளக்குகள்தான் முதல் குற்றவாளி. '44' என்ற எண்ணில் வரும் குண்டு பல்பு 6.3 வோல்ட்டில் ஏறக்குறைய ஒன்றரை வாட் இழுக்கும். ஒன்றரை வாட்டா, பூ என்று தோன்றும். நூறு பல்பு எரிந்தால் 150 வாட்டுக்கு மேல்! ஒரு மரப்பெட்டிக்குள் இரண்டு சீலிங் ஃபேன் தின்கிற கரன்ட்டைக் கொளுத்துவதற்குச் சமம். பல்புக்கு பதில் எல்இடி போட்டால் அதில் பெரும்பகுதி மிச்சம். நம் வாசகருடைய மெஷின் புதியது, எல்இடியோடுதான் வந்திருக்கும் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

அடுத்தது சுவர். பின்பெட்டியின் முதுகில் காற்றுத் துளைகள் இருக்கும். இடத்தை மிச்சப்படுத்த மெஷினைச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிடுவோம். சூடான காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். ஒரு சாண் இழுத்து வையுங்கள். அப்படியே துளைகளிலும் ஃபேன் இறக்கைகளிலும் படிந்திருக்கும் தூசியைத் துடையுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். புளோயர் வைத்து ஊதினால் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இல்லாவிட்டால், காற்றின் வேகத்தில் அது தலைதெறிக்கச் சுற்றி பேரிங் கெட்டுவிடும். சுவரும் தூசியும் மட்டுமே காரணம் என்றால், பைசா செலவில்லாமல் விஷயம் முடிந்தது.

முடியவில்லையா? காதைத் தீட்டுங்கள். டிஷ்யூ ரோல் தீர்ந்ததும் மிஞ்சும் அட்டைக்குழாயை ஒரு பக்கம் காதில் வைத்து, மறுபக்கத்தை மெஷினின் ஒவ்வொரு இடமாகக் காட்டிக் கேளுங்கள். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கிற மாதிரி. 'உஸ்ஸ்' என்றால் காற்றுச் சத்தம். 'கிர்ர்' என்றால் பேரிங் தேய்ந்திருக்கிறது. 'டக டக' என்றால் ஏதோ ஒயர் இறக்கையில் உரசுகிறது. அடித்தொண்டையில் 'ம்ம்ம்' என்றால் அது ஃபேனே இல்லை, டிரான்ஸ்ஃபார்மர். அமெரிக்க கரன்ட் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே அது 120 ஹெர்ட்ஸில் முனகும். நம்மூர் 50 ஹெர்ட்ஸுக்கு 100. ஃபேனை மாற்றிவிட்டு, 'சத்தம் போகலையே' என்று புலம்புகிறவர்களில் பலர் இந்த 'ம்ம்ம்'மைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அம்மா சொன்ன 'உய்ய்ய்' சின்ன ஃபேனின் குரல் மாதிரி இருக்கிறது. பவர் சப்ளையில் 40, 60 மில்லிமீட்டர் ஃபேன்கள்தான் பெரும்பாலும் இருக்கும். சின்ன இறக்கை போதுமான காற்றைத் தள்ள வேண்டும் என்றால் வெறித்தனமாகச் சுற்றியாக வேண்டும். அதனால்தான் அந்தக் கொசு ராகம். இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. ஃபேனின் வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் காற்றும் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும். ஆனால், சத்தம் சுமார் 5 டெசிபல் இறங்கிவிடும். பாதி வேகத்துக்குக் கொண்டுவந்தால் 15 டெசிபல். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானது போல இருக்கும் என்பார்கள். காற்றைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் அமைதி நிறையக் கிடைக்கிறது. சூட்டை முதலில் குறைக்கச் சொன்னதே, இப்படிக் காற்றை விட்டுக்கொடுக்க உங்களுக்கு இடம் வேண்டும் என்பதால்தான்.

இன்னொரு வில்லன், பெட்டியே. வீணைக்குக் குடம் எதற்கு? தந்தியின் சின்ன அதிர்வை வாங்கிப் பெரிதாக்க. பின்பால் மெஷினின் மரப்பெட்டியும் அதே வேலையை ஃபேனுக்குச் செய்துகொண்டிருக்கிறது, யாரும் கேட்காமலே. ஃபேன் இரும்பு ஸ்குரூவில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் அதன் நடுக்கம் முழுக்கப் பலகைக்குப் போகும். ஸ்குரூவுக்கு பதில் ரப்பர் அல்லது சிலிக்கான் பின் போடுங்கள். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வாஷர் வைத்தாலும் சரி. மெஷினின் நான்கு கால்களுக்கும் அடியில் தடித்த ரப்பர் பேட். தகட்டில் சின்னச் சின்ன ஓட்டை போட்ட கிரில்லுக்கு பதில் வளையக் கம்பி கிரில் இருந்தால் காற்றும் தடையில்லாமல் போகும், 'உஸ்ஸ்' குறையும். என்னைக் கேட்டால், புது ஃபேன் வாங்கும் முன் இதையெல்லாம் செய்துவிட வேண்டும்.

அப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பழைய ஃபேனின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை போனில் போட்டோ எடுங்கள். அளவு, தடிமன், வோல்ட் எல்லாம் அதோடு ஒத்துப்போக வேண்டும். 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா என்று பார்க்காமல் வாங்கிவிடக் கூடாது. 24 வோல்ட் ஃபேனை 12-ல் போட்டால் மெதுவாக ஓடும், அல்லது கிளம்பவே கிளம்பாது. 12 வோல்ட் ஃபேனுக்கு 24 கொடுத்தால் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். ஒயர் இரண்டா, மூன்றா என்பதும் முக்கியம். மூன்றாவது ஒயர், 'நான் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்' என்று போர்டுக்குச் சொல்லும் ஒயர். அந்தத் தகவலை எதிர்பார்க்கும் போர்டு, அது வராவிட்டால் முரண்டு பிடிக்கலாம். பிறகு காற்றின் திசை. ஃபேன் சட்டத்தின் பக்கவாட்டில் பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும். திருப்பி மாட்டினால் சூட்டை உள்ளேயே ஊதிக்கொண்டிருக்கும். சத்தமில்லாத ஃபேனுக்குப் பெயர் வாங்கிய ஆஸ்திரிய கம்பெனி நொக்டுவா, தன் ஃபேன்கள் பலவற்றோடு வேகத்தைக் குறைக்கும் சின்ன ஒயர் ஒன்றையும் தருகிறது. கையில் இருக்கிறதே என்று அதை உடனே மாட்டாதீர்கள். முதலில் அது இல்லாமலே ஓடவிட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

ஒரு எல்லைக்கோடு. பவர் சப்ளை பெட்டிக்கு உள்ளேயே இருக்கும் ஃபேன் என்றால், தயவுசெய்து நீங்களே திறக்காதீர்கள். உள்ளே உள்ள கண்டன்சர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரன்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். விரல் பட்டால் விளையாட்டல்ல. வாரன்ட்டியும் போய்விடும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள், அல்லது பவர் சப்ளையை மொத்தமாக மாற்றச் சொல்லுங்கள்.

ஒயரைப் பிடுங்கினால்தான் என்ன ஆகும் என்கிறீர்களா? அன்றைக்கு ஒன்றும் ஆகாது. அதுதான் ஆபத்து. நாட்கணக்கில் நன்றாகத்தான் ஓடும். ஆனால், அதே கண்டன்சர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் சூடு கூடும்போதும் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எலெக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்கு. 20 டிகிரி கூடினால் கால்பங்கு. பத்து வருஷம் உழைக்க வேண்டியது இரண்டரை வருஷத்தில் கையை விரிக்கும். ஆயிரக்கணக்கான டாலர் போட்டு வாங்கிய மெஷினுக்கு, சில டாலர் ஃபேனை நிறுத்தி வேட்டு வைப்பானேன்?

இத்தனையும் படித்தவர்கள், "ராத்திரி ஆஃப் பண்ணிட்டா என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி! பின்பால் மெஷின் ஆடாத நேரத்திலும் விளக்கைப் போட்டு மினுக்கிக்கொண்டே இருக்கும். அது கடைகளில் போகிறவர் வருகிறவரைக் காசு போடக் கூப்பிடுவதற்காக வந்த பழக்கம். வீட்டில் யாரைக் கூப்பிட? பல மெஷின்களில் ஸ்விட்ச் பெட்டிக்கு அடியில், முன்பக்கம் வலது கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். கடைசியாக ஆடியவர் அணைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டுவிடுங்கள். பாட்டி ராத்திரி தூங்கிவிடுவார். மேலே சொன்னதெல்லாம் அவர் மதியம் கண்ணயரும் நேரத்துக்கு.

பின்பாலே பார்க்காதவர்கள் இதை உங்கள் வீட்டு டெஸ்க்டாப்புக்கும், மகனின் கேம் கன்சோலுக்கும், ஃபேன் வைத்த இன்வெர்ட்டருக்கும் அப்படியே பொருத்திக்கொள்ளலாம். குறிப்பாக, டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் கன்சோலை அடைத்து வைத்துவிட்டு 'ஜெட் மாதிரி கத்துது' என்பவர்கள், முதலில் கதவைத் திறந்து பாருங்கள்.

கடைசியாக வாசகருக்கு ஒன்று. எதை மாற்றுவதற்கு முன்பும், மெஷினை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தொடாமலே சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் பவர் சப்ளை பெட்டியின் வெளிப்பக்கத்தையும் காற்றுத் துளைகளையும் அளந்து எழுதி வையுங்கள். மாற்றிய பிறகு அதே இடங்களில், அதே ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். ஓரிரு டிகிரி கூடினால் பரவாயில்லை. பத்தை நெருங்கினால், எவ்வளவு அமைதியாக இருந்தாலும் சரி, பழைய ஃபேனையே திரும்ப மாட்டிவிடுங்கள்.